பிற என்ற கட்டம்

கம்பாலா, காலை ஆறரை.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
மரம், நீர்நிலை, கட்டடம், பிற.
ஒரு பறவைக்கு ஒரு குறி.
பயிற்சியன்று அப்படித்தான் சொன்னார்கள்,
தேநீரும் ஆறிப்போன இரண்டு சமோசாவும் தந்து.

முதல் பறவையே கட்டத்துக்குள் நிற்கவில்லை.
கலோலி.
என் தோளுயரம்,
வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை,
வாடகை பாக்கி கேட்க வந்தவர்போல்
முதுகுக்குப் பின்னால் கைகட்டிய நடை.
கூடு, சாலையோர வாகை மரத்தில்.
சாப்பாடு, இறைச்சிக் கடைகளின் புழக்கடையில்.
சிறகு விரித்து வெயில் காய்வது
வங்கியின் மொட்டைமாடியில்.
எங்கே போடுவேன் அந்த ஒரு குறியை?

மரத்தடியில் வாழைக்காய் சுட்டு விற்கும் நசோலோ
என் பேனா தயங்குவதைப் பார்த்துச் சிரித்தாள்.
அவளுடைய குடை தினமும் இடம் மாறும்.
எந்தக் கிளையில் கூடு, எது காலி,
எதில் குஞ்சு பொரித்து எச்சம் கூடியிருக்கிறது,
எல்லாம் அவளுக்கு அத்துப்படி.
பிடிக்குமா இந்தப் பறவைகளை என்று கேட்டேன்.
"சனியன்கள்" என்றாள்,
கரியை விசிறிக்கொண்டே.

பதினொரு வாரம் எண்ணினேன்.
கோல்ஃப் புல்வெளியில் அரிவாள் மூக்கன்கள்
பந்தடிப்பவர்களை அதட்டியபடி புழு தேடின.
பெட்ரோல் பங்கின் ஈரத் தரையில்
கார் கழுவும் பையன்களின் காலிடுக்கில்
வாலாட்டி ஒன்று பூச்சி பொறுக்கியது.
பள்ளிவாசல் பனையில் தூக்கணாங்குருவிகள்,
ஓதி முடிக்கும்வரைகூடப் பொறுக்காத சச்சரவு.
டாக்ஸி நிலையத்தின் மேலே பருந்துகள், கீழே வேன்கள்.
இரண்டுக்கும் இங்கே ஒரே பெயர், கமுன்யே.
இரண்டும் பாய்ந்து வந்து அகப்பட்டதை அள்ளிப்போகும்.

நகிவூபோ சாக்கடைக் கால்வாயில்
சோப்பு நுரைக்கு ஒரு சாண் மேலே
துருக்கம்பியில் நீல மீன்கொத்தி.
அரைமணி நேரம் நின்றேன்.
அது பாயவேயில்லை.
நீர்நிலை என்று குறித்து
பிறகு அடித்தேன்.

பன்னிரண்டாம் வாரம் சாலையை அகலப்படுத்த வந்தார்கள்.
ரம்பக்காரன் வஸ்வா நல்லவன்தான்.
ஏணி வைத்து ஏறிப் பார்த்ததாகவும்
கூடுகள் காலி என்றும் சொன்னான்.
நசோலோ வாதாடவில்லை.
குடையை விரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
ஓரத்தில் காலையில் விழுந்த எச்சம்
இன்னும் காயாமல்.

அவன் அதைப் பார்த்தான்.
மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான்,
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
பேனா மூடியைத் தேடினேன்.

மரம் சாய்ந்த நேரம் ஒன்பது நாற்பது.
குஞ்சுகள் மூன்று.
முதலாவதைத்தான் எழுதினேன்.

மறுநாள் கலோலிகள் வந்தன.
இல்லாத கிளையின் உயரத்தில் சுற்றின.
ஒன்று இறங்கவே கால்களை நீட்டிவிட்டது,
வெறும் காற்று என்று தெரிந்து
மெல்ல மடக்கிக்கொண்டது.

அலுவலகத்தில் பியாருகாபா
என் தாள்களைத் திருப்பி அனுப்பினார்.
"பிற என்பது மிக அதிகம். விளக்கவும்."
விளக்குவதற்கு விட்டிருந்த இடம்
ஒன்றரை விரற்கடை.
மேசையில் அது இன்னும் காலியாகக் கிடக்கிறது.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
எதிர்ச்சாரியில் மெத்தை விளம்பரப் பலகை.
மூட்டமான மாலை, தூக்கத்தைப் பற்றிய வாசகத்தின் மேலே
ஐந்து கலோலிகள், ஒன்றின் அலகில் சுள்ளி.
கீழே நசோலோவின் அடுப்பு.
என்னை அவள் கவனிக்கவில்லை.
தலை நிமிர்த்தி எதையோ கணக்குப் பார்த்தாள்.
பிறகு குடையை
இடப்பக்கமாக ஒரு முழம் நகர்த்தினாள்.